அண்ணன்மார் அனுப்பும் பணமும் ஆஸ்டின் வீட்டுக் கடிதங்களும்

தாழ்வாரம்:

இங்கிலாந்து எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்களைப் பற்றி இந்தக் குழுவில் ஏற்கெனவே பேசித் தீர்த்தாயிற்று, அதை விட்டுவிடுவோம். நான் பேச நினைப்பது அவர் வீட்டுக் கடிதங்களைப் பற்றி. பெரும்பாலும் அக்கா கசான்ட்ராவுக்கு எழுதியவை. மிஞ்சியிருப்பது மொத்தமே 160 சொச்சம். எடுத்த எடுப்பில் படித்தால் கொட்டாவிதான் வரும். எந்த அண்ணிக்கு எப்போது பிரசவம், பக்கத்து ஊர்ப் பாதிரியாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, மஸ்லின் கெஜம் என்ன விலை, தொப்பிக்கு என்ன ரிப்பன், தோட்டத்துப் பட்டாணி காய்த்ததா, தேயிலை வந்து சேர்ந்ததா, இப்படியே பக்கம் பக்கமாகப் போகும். இதில் ஒன்றுமே இல்லை என்று ஒதுக்கிய விமர்சகர்களும் உண்டு.

ஆனால் அந்த வீட்டு வரவு செலவைத் தெரிந்துகொண்டு படித்தால் கதையே வேறு. அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்ற ஊரின் பாதிரியார். 1805 ஜனவரியில் பாத் நகரத்தில் இறந்துபோகிறார். பாதிரியார் வருமானம் ஆள் இருக்கும்வரைதான், அவரோடு அது நின்றுவிட்டது. அம்மாவிடம் இருந்த கொஞ்சம் முதலீடு, அப்புறம் கசான்ட்ராவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை 1797இல் மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் சாகும்போது அவளுக்கு எழுதிவைத்த 1,000 பவுண்டின் வட்டி, எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 210 பவுண்டு. ஜேன் பேரில் சல்லிக்காசு இல்லை. சகோதரர்கள் கலந்துபேசிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜேம்ஸ் 50, ஹென்றி 50, கடற்படையில் இருந்த ஃபிராங்க் 100 தருகிறேன் என்றார், அம்மா 50 போதும் என்று சொல்லிவிட்டார், பணக்கார வீட்டுக்குத் தத்துப் போன எட்வர்ட் 100. ஆக மொத்தம் 460 பவுண்டில் மூன்று பெண்கள் காலம் தள்ள வேண்டும்.

இப்போது அதே கடிதங்களைத் திரும்பப் படியுங்கள். ஃபிராங்குக்குப் புதுக் கப்பல் கிடைத்தது, ஹென்றியின் வங்கி நன்றாக ஓடுகிறது, எட்வர்டுக்கு இன்னொரு குழந்தை பிறந்தது. அடுத்த வருஷம் அந்த 250 பவுண்டு ஒழுங்காக வருமா வராதா என்பது இந்தச் செய்திகளில்தான் இருக்கிறது. நாம் வம்பு என்று புரட்டிவிட்டுப் போகிற பக்கத்தை அந்த வீட்டுப் பெண்கள் பாஸ்புக் பார்க்கிற மாதிரிப் படித்திருப்பார்கள் என்பதுதான் என் கட்சி. ஒத்துக்கொள்கிறீர்களா?

கறார் பேர்வழி:

ஒத்துக்கொள்ள மாட்டேன். 460 பவுண்டு என்றால் அன்றைக்கு என்ன என்று பார்த்தீர்களா? அதே ஹாம்ப்ஷயரில் வயலில் வேலை செய்தவனுக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் கிடைத்தால் பெரிது, அதுவும் வேலை இருக்கிற வாரத்தில். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்று பெண்களின் 'வறுமையில்' ஒரு சமையல்காரி, ஒரு வேலைக்காரி, ஒரு வேலைக்காரன் இருந்தார்கள். பாவம் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

தாழ்வாரம்:

பாவம் பார்க்கச் சொல்லவில்லையே சார். கூலியாள் வீட்டோடு ஒப்பிட்டால் அவர்கள் வசதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் அடுத்தவர் மனசு வைத்தால் வருகிற பணம். சம்பாதிக்க வழியில்லை, அந்த அந்தஸ்தில் பிறந்த பெண் வெளியே போய் வேலை பார்த்தால் கவர்னஸ் வேலை, அதாவது பணக்காரர் வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை ஒன்றுதான், அதற்குப் போவதைக் குடும்பமே கௌரவக் குறைச்சலாக நினைக்கும். நான் சொல்வது தொகையைப் பற்றி இல்லை, அது யார் கையில் இருந்தது என்பதைப் பற்றி.

அஞ்சல்பெட்டி:

தபால் இலாகாவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் நடுவே புகுகிறேன். இந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசும்போது தபால் கட்டணத்தை மறந்துவிடக் கூடாது. 1840 ஜனவரி 10ஆம் தேதி ஒரு பென்னி கட்டணம் வந்தது, அதற்கு முன்னால் பெரும்பாலும் கடிதத்தைப் பெற்றுக்கொள்பவர்தான் காசு கொடுக்க வேண்டும். கட்டணம் தூரத்தைப் பொறுத்தும் தாள் எண்ணிக்கையைப் பொறுத்தும் ஏறும். 1812 கட்டணப்படி 15 மைல் வரை 4 பென்ஸ், 50இலிருந்து 80 மைல் வரை 8 பென்ஸ், 230 மைலைத் தாண்டினால் 12 பென்ஸ், அதாவது ஒரு ஷில்லிங். இது ஒரு தாளுக்கு. இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு, அதனால் உறையே கிடையாது. எழுதிய தாளையே மடித்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டி அனுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் அந்தக் காலத்துக் கடிதங்களில் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டு, தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதியிருப்பார்கள். பார்த்தால் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும். தலைகீழாகத் திருப்பி வரிகளுக்கு நடுவே எழுதுவதும் உண்டு. தங்கை எழுதுகிற செய்திக்கு அக்கா கைக்காசு போகிறது, அப்படியிருக்க வெறும் வம்பை யாராவது எழுதுவார்களா? ஆகவே தாழ்வாரம் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு.

பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் இலவசம். ஊரில் எம்.பி. யாராவது தெரிந்தவர் இருந்தால் அவர் கையெழுத்தில் அனுப்பிவிடுவார்கள். இந்த மோசடி பெருகிப் போனதால் 1784இலிருந்து முழு முகவரியும் தேதியும் எம்.பி.யே தன் கையால் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அப்படியும் நிற்கவில்லை. 1840இல் அந்தச் சலுகையையே எடுத்துவிட்டார்கள்.

தாழ்வாரம்:

அருமை சார். இதற்கு ஜேனின் சொந்தக் கணக்கே சாட்சி. 1807ஆம் வருஷத்துக்கு அவர் கைப்பட எழுதிய செலவுக் கணக்கு ஒன்று பிழைத்திருக்கிறது. கடிதம், பார்சல் வகையில் மட்டும் 3 பவுண்டு 17 ஷில்லிங் சொச்சம். துணி வெளுக்க 9 பவுண்டுக்கு மேல். வாடகைக்கு எடுத்த பியானோவுக்கு 2 பவுண்டு 13 ஷில்லிங். தான தர்மத்துக்கு 3 பவுண்டு 10 ஷில்லிங். படகுச் சவாரியும் நாடகமும் சேர்த்து ஒரு பவுண்டுகூட இல்லை. வருஷம் முழுக்கக் கையில் இருந்ததே 50 பவுண்டு சொச்சம். அரைப் பென்னி வரை எழுதியிருக்கிறார். பியானோ வாடகையைவிடத் தபால் செலவு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

புதுசு:

நான் இந்தக் குழுவுக்குப் புதிது, ஒரு சந்தேகம். எட்வர்ட் அவ்வளவு பணக்காரர் என்றால் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வீடு கொடுத்திருக்கலாமே? எதற்கு வாடகை வீடு வாடகை வீடாக அலைய விட்டார்? அப்புறம் சகோதரர்கள் மொத்தம் ஆறு பேர் என்று படித்தேன், நான்கு பேர்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இருவர்?

தாழ்வாரம்:

கடைக்குட்டி சார்லஸும் கடற்படையில்தான் இருந்தார், ஆனால் அப்போது எங்கோ தூரத்தில், கையில் பெரிதாகக் காசு இல்லாமல். இன்னொருவர் ஜார்ஜ், இரண்டாவது பிள்ளை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு. வீட்டில் வைத்துக்கொள்ளாமல் வேறொரு கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் காசு கொடுத்து விட்டுவைத்தார்கள். கிடைத்திருக்கிற ஜேனின் கடிதங்களில் இந்த அண்ணன் அநேகமாக இல்லவே இல்லை. 1838 வரை இருந்திருக்கிறார், தங்கை போய் 21 வருஷம் கழித்துத்தான் செத்தார். அம்மா 1827இல் இறந்தபோது எட்வர்ட் தனக்கு வந்த பங்கை ஜார்ஜின் பராமரிப்புக்கு விட்டுக்கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீடு விஷயத்துக்கு வருகிறேன். எட்வர்டைத் தத்தெடுத்தது தாமஸ் நைட் தம்பதி, தூரத்து உறவு, பிள்ளை இல்லாதவர்கள். கென்டில் காட்மர்ஷம் மாளிகை, ஹாம்ப்ஷயரில் சாட்டன், ஸ்டீவன்டன் நிலங்கள் எல்லாம் அவர்களுடையது. தாமஸ் நைட் போன பிறகு அவர் மனைவி தனக்கு வருஷம் 2,000 பவுண்டு வைத்துக்கொண்டு 1797 வாக்கில் எஸ்டேட்டை எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டார். ஆக 1805இல் அப்பா இறந்தபோது எட்வர்ட் கையில் எல்லாம் இருந்தது. ஆனால் அம்மாவும் தங்கைகளும் பாத்தில் வீடு மாற்றி மாற்றி இருந்து, 1806இல் சவுத்தாம்ப்டன் போய் ஃபிராங்கோடும் அவர் புது மனைவியோடும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள். சாட்டன் வீட்டைத் தருகிறேன் என்று எட்வர்ட் சொன்னது 1808 அக்டோபரில்.

அந்த மாதம் 10ஆம் தேதி அவர் மனைவி எலிசபெத் இறந்துபோனார். பதினொன்றாவது பிரசவம் ஆகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 24ஆம் தேதிக் கடிதத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிடுகிறது.

அஞ்சறைப்பெட்டி:

அப்படிப் போடுங்கள்! அண்ணி இருந்தவரை நாத்தனார்களுக்கு வீடு இல்லை, அண்ணி கண்ணை மூடிய இரண்டே வாரத்தில் வீடு. இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா.

(அஞ்சல்பெட்டி சாருக்கும் எனக்கும் உறவு கிடையாது, பேர்ப் பொருத்தம் தற்செயல்.)

தாழ்வாரம்:

எல்லாரும் அங்கேதான் போய் நிற்பார்கள் என்று தெரியும். அண்ணி பக்கத்து ஆட்களுக்கு ஜேனைவிட கசான்ட்ராவைத்தான் பிடிக்கும் என்று ஜேம்ஸின் மகள் ஒருத்தி பிற்காலத்தில் எழுதியது உண்மை. ஆனால் அண்ணி வீட்டைத் தடுத்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்றும் இல்லை. சாட்டன் வீட்டில் எஸ்டேட் மேனேஜர் குடியிருந்தார், அவர் 1808 ஆரம்பத்தில்தான் இறந்தார், வீடே அப்போதுதான் காலியானது. மனைவி போன பிறகு பதினொரு பிள்ளைகளோடு நின்ற எட்வர்டுக்குத் தங்கைகள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்றும் தோன்றியிருக்கலாம். எலிசபெத்தை வில்லியாக்க அந்த ஆதாரம் போதாது.

அந்த வாரத்துக் கடிதங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. எட்வர்டின் மூத்த பையன்கள் இரண்டு பேர் வின்செஸ்டர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா செத்த செய்தியோடு அவர்களை சவுத்தாம்ப்டனுக்கு அத்தை ஜேனிடம் அனுப்பிவிட்டார்கள். அத்தை என்ன செய்தார்? கறுப்புத் துணிக்கு ஏற்பாடு செய்தார், அப்புறம் பையன்களோடு உட்கார்ந்து விடுகதை, சீட்டு, காகிதக் கப்பல். கப்பலை வரிசையாக நிறுத்தி, குதிரைச் செஸ்நட் காய்களைக் குண்டு மாதிரி எறிந்து கவிழ்க்கிற விளையாட்டு. இதையெல்லாம் அக்காவுக்கு எழுதுகிறார். அக்கா அப்போது காட்மர்ஷத்தில், தாயில்லாத மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் ஆகாத தங்கைகளின் வேலை இதுதான். யார் வீட்டில் பிரசவமோ சாவோ அங்கே ஓட வேண்டும். சகோதரர்கள் தந்த பணத்துக்கு இப்படி உழைத்துக் கழித்தார்கள் என்று கறார் பேர்வழி கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கறார் பேர்வழி:

சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் முழுதாகப் பார்ப்போம். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் 1760இல் ஆன்டிகுவா தீவில் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு டிரஸ்டி. தோட்டத்து முதலாளி ஜேம்ஸ் லாங்ஃபோர்டு நிப்ஸ் அவருடைய நண்பர், மூத்த பையனுக்கு ஞானத்தந்தை. அடிமைகள் உழைத்த தோட்டம் அது. 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு முதலாளிகளுக்குப் போனது, அடிமைகளுக்கு ஒரு பென்னி கிடையாது. இந்தக் கனவான் குடும்பங்களின் கடிதங்களில் மஸ்லின் விலை வரும், அந்தப் பருத்தியும் சர்க்கரையும் எங்கிருந்து வந்தன என்பது வராது.

தாழ்வாரம்:

இதற்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. ஃபிராங்க் அடிமை முறையைக் கண்டித்து எழுதியது பதிவில் இருக்கிறது, ஆனால் குடும்பத்தின் தொடர்பு இருந்தது இருந்ததுதான்.

அஞ்சறைப்பெட்டி:

சர்க்கரை என்றதும் நினைவுக்கு வருகிறது. சாட்டன் வீட்டில் காலை 9 மணிக்குச் சிற்றுண்டி தயார் செய்வது ஜேன் பொறுப்பு, தேயிலை, சர்க்கரை, ஒயின் இருப்பு எல்லாம் அவர் கையில். தேயிலைப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, அவ்வளவு விலை. மற்ற நிர்வாகம் கசான்ட்ராவும் மார்த்தா லாய்டும். இந்த மார்த்தா உறவுக்காரத் தோழி, ஜேம்ஸின் மனைவி மேரிக்கு அக்கா, அம்மா இறந்த பிறகு போக்கிடம் இல்லாமல் இவர்களோடு வந்து சேர்ந்தவர். அம்மா ஆஸ்டின் எழுபது வயதிலும் பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு தோண்டியிருக்கிறார்.

மார்த்தா எழுதிவைத்த சமையல் குறிப்பு நோட்டு இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளை சூப், பட்டாணி சூப், தேன் மது, பல்வலி மருந்து, மை தயாரிப்பது எல்லாம் அதே நோட்டில். அதில் கறிப் பொடி ஒன்று உண்டு, என்ன போட்டிருக்கிறார் தெரியுமா? மஞ்சள், சித்தரத்தை, மிளகாய்த்தூள், கூட அரிசியை இடித்துப் போடச் சொல்லிக் குறிப்பு. தனியா இல்லை, சீரகம் இல்லை. சித்தரத்தையைப் போட்டுக் குழம்பு வைத்தால் பிரசவ லேகியம் மாதிரி இருக்காதோ? ஒரு முறை செய்து பார்த்தேன், வாசனை வீட்டை விட்டுப் போக நேரமானது. ஆனால் ஹாம்ப்ஷயர் கிராமத்தில் 1800களில் மஞ்சளும் சித்தரத்தையும் கிடைத்ததே பெரிய விஷயம்.

திண்ணை வக்கீல்:

கறிப் பொடிக்கு வழி அந்தக் குடும்பத்திலேயே இருந்தது. ஜார்ஜ் ஆஸ்டினின் அக்கா பிலடெல்பியா வரதட்சணைக்குக் காசில்லாமல் 1752இல் கப்பலேறி மெட்ராஸ் வந்து, மறு வருஷம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் கம்பெனி டாக்டராக இருந்த ஹான்காக்கைக் கட்டிக்கொண்டவர். மாப்பிள்ளை தேடி வந்ததுதான், வேறு காரணம் இல்லை. அவர்கள் மகள் எலைசா கல்கத்தாவில் பிறந்தாள், ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ். அவள் முதல் புருஷன் பிரெஞ்சுப் பிரபு, 1794இல் கில்லட்டினில் தலை போனது. இரண்டாவதாக 1797இல் கட்டியது சொந்த மாமா மகன் ஹென்றியை, நம் வங்கிக்கார ஹென்றிதான்.

அத்தை மகள் மாமன் மகன் கல்யாணம் இங்கிலாந்தில் தாராளமாக நடந்தது. டார்வினும் மாமன் மகள் எம்மாவைத்தான் 1839இல் கட்டினார். ஆனால் மனைவி இறந்தால் மச்சினியைக் கட்டக் கூடாது! நம் ஊரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதுதான் முதல் யோசனையாக வரும், அங்கே திருச்சபைச் சட்டப்படி அது தகாத உறவு. சார்லஸ் ஆஸ்டின் அதைத்தான் செய்தார். முதல் மனைவி ஃபேனி பாமர் 1814இல் பிரசவத்துக்குப் பின் கப்பலிலேயே இறந்தார், குடும்பமே கப்பலில்தான் குடியிருந்தது. கொழுந்தியாள் ஹேரியட் பிள்ளைகளை வளர்த்தார், 1820இல் அவரையே கட்டினார். அந்த மாதிரிக் கல்யாணத்தின்மேல் யாராவது வழக்குப் போட்டு ரத்து செய்யலாம் என்ற நிலைமை. 1835இல் ஒரு சட்டம் வந்தது, அதுவரை நடந்தவை செல்லும், இனிமேல் நடப்பவை அடியோடு செல்லாது என்று. சார்லஸ் தப்பித்தார். பிறகு அந்தத் தடையை நீக்க 1907 வரை ஆனது, பாராளுமன்றத்தில் வருஷா வருஷம் இதே சண்டை.

இன்னொரு வேடிக்கை. எட்வர்டின் மூத்த மகள் ஃபேனி 1820இல் சர் எட்வர்ட் நாட்ச்புல் என்ற, பிள்ளைகள் உள்ள ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். 1826இல் அவள் தம்பி, அவளுடைய மூத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா கிரீனுக்கு ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டான். அங்கே பெற்றோர் சம்மதம் தேவையில்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினான் என்றால் நம் பாட்டிமார் பந்தி போட்டிருப்பார்கள். அங்கே அப்பாக்காரர் கொதித்துப்போனார், இரண்டு குடும்பத்துக்கும் நடுவே பெரிய விரிசல்.

கடலோரக் காகம்:

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். சார்லஸ் ஆஸ்டின் என்ற பெயரைக் கண்டவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பிற்காலத்தில் ரியர் அட்மிரலாகிக் கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தளபதியாக வந்தவர். இரண்டாவது பர்மிய யுத்தத்தில் 1852 அக்டோபர் 7ஆம் தேதி ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியில் இறந்தார், வயது 73. அடக்கம் செய்தது இங்கே எங்கள் ஊரில், எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சேமக்காலையில். கல்லறை இப்பவும் இருக்கிறது. இலக்கியம் படித்த வெள்ளைக்காரர்கள் சிலர் தேடிக்கொண்டு வருவார்கள். ஊர்ச்சனத்தில் பலருக்கு அது யாருடைய தம்பி என்பது தெரியாது.

புதுசு:

இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது, நன்றி. ஹென்றியின் வங்கி என்று தாழ்வாரம் அடிக்கடி சொல்கிறார், அது என்ன ஆனது?

தாழ்வாரம்:

மூழ்கியது. 1816 மார்ச்சில் ஹென்றி திவால். போருக்குப் பிந்தைய மந்தம், அதோடு ஆக்ஸ்ஃபோர்டுஷயருக்கு வரி வசூல் அதிகாரியாக ஹென்றி பதவி வாங்கியபோது ஜாமீன் போட்டவர்கள் எட்வர்டும் தாய்மாமன் லீ பெரோவும். எட்வர்டுக்கு 20,000 பவுண்டு போனது, மாமனுக்கு 10,000. ஃபிராங்கும் ஜேம்ஸும் கொஞ்சம் இழந்தார்கள். ஹென்றியும் ஃபிராங்கும் அம்மாவுக்கு அனுப்பிய வருடாந்தரப் பணம் நின்றுபோனது. இதற்கு நடுவில் சாட்டன் எஸ்டேட்டே எங்களுடையது என்று ஹின்டன் குடும்பத்து வாரிசுகள் 1814இலிருந்து எட்வர்ட்மேல் வழக்கு. அது ஜெயித்திருந்தால் இவர்கள் குடியிருந்த வீடும் போயிருக்கும். 1818இல் 15,000 பவுண்டு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார் எட்வர்ட்.

ஜேன் எழுதிச் சம்பாதித்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். முதல் நாவலில் லாபம் 140 பவுண்டு. இரண்டாவதன் உரிமையை 110க்கு விற்றார், 150 எதிர்பார்த்தார். கடைசியில் 600 பவுண்டைக் கடற்படைக் கடன் பத்திரத்தில் 5 சதவீத வட்டிக்குப் போட்டுவைத்தார். வருஷம் 30 பவுண்டு, யாரிடமும் கை நீட்டாமல்.

அஞ்சறைப்பெட்டி:

தாய்மாமன் இருந்தாரே, அவருக்குப் பிள்ளை இல்லையே. தங்கை பிள்ளைகளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வார்?

தாழ்வாரம்:

எல்லாரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1817 மார்ச்சில் மாமன் இறந்தார். உயிலைப் பிரித்தால் எல்லாம் மனைவிக்கு. சொந்தத் தங்கைக்கு, அதாவது ஜேனின் அம்மாவுக்கு, ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு, அதுவும் மாமி செத்த பிறகு, அப்போது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். ஜேன் ஏற்கெனவே படுக்கையில். இந்தச் செய்தி வந்ததும் உடம்பு இன்னும் மோசமானது என்று தம்பி சார்லஸுக்கு அவரே எழுதியிருக்கிறார். மாமி 1836 வரை நன்றாக இருந்தார்.

திண்ணை வக்கீல்:

அந்த மாமி கதை தெரியுமா? 1799 ஆகஸ்டில் பாத்தில் ஒரு கடையில் கறுப்பு லேஸ் வாங்கினார், பொட்டலத்தில் கூடவே 20 ஷில்லிங் பெறுமான வெள்ளை லேஸ் அட்டை ஒன்று. திருட்டு என்று கடைக்காரர்கள் புகார். 12 பென்ஸுக்கு மேல் திருடினாலே பெருந்திருட்டு, சட்டப்படி தூக்கு வரை போகலாம், நடைமுறையில் ஆஸ்திரேலியாவுக்கு 14 வருஷம் நாடு கடத்துவார்கள். ஜாமீன் கிடையாது. இல்செஸ்டர் சிறை அதிகாரியின் வீட்டில் ஏழு மாதம் இருந்தார், மாமனும் கூடவே போய் இருந்தார். துணைக்கு என் பெண்களை அனுப்பட்டுமா என்று ஜேனின் அம்மா கேட்டார், மாமி வேண்டாம் என்றார். 1800 மார்ச்சில் டான்டன் ஊரில் விசாரணை, ஜூரிகள் சில நிமிடத்தில் விடுவித்தார்கள். கடைக்காரர்கள் பணம் பறிக்கப் போட்ட திட்டம் என்பது குடும்பத்தின் கட்சி. எடுத்தார்தான் என்று சொல்பவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள்.

கறார் பேர்வழி:

பணக்காரி என்பதால் சிறை அதிகாரி வீட்டில் ரூம். வேலைக்காரி எடுத்திருந்தால் கப்பல் ஏற்றியிருப்பார்கள்.

அஞ்சல்பெட்டி:

அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. கசான்ட்ரா தங்கை கடிதங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார் என்கிறார்கள். எதை எரித்திருப்பார்?

தாழ்வாரம்:

1845இல் இறப்பதற்குச் சில வருஷம் முன்னால் பெரும்பாலானவற்றை எரித்தார், சிலவற்றில் வரிகளைக் கத்தரித்தும் எடுத்தார். மிச்சத்தை அண்ணன் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். காதல் கடிதம் இருந்திருக்கும் என்று எல்லாரும் கற்பனை செய்கிறார்கள். என் ஊகம், அண்ணன்மாரையும் அண்ணிமாரையும் பற்றிய வெளிப்படையான பேச்சு. அவர்கள் பிள்ளைகள் கையில்தானே கடிதங்கள் போகப் போகின்றன. மிஞ்சியதிலேயே ஜேம்ஸின் மனைவி மேரியின் கஞ்சத்தனத்தைப் பற்றிச் சுருக் சுருக்கென்று வருகிறது, எரிந்ததில் எவ்வளவு இருந்திருக்கும்.

கறார் பேர்வழிக்கு ஒன்று. ஜேன் 1817 ஏப்ரல் 27இல் எழுதிய உயிலில் எல்லாம் கசான்ட்ராவுக்கு, ஹென்றிக்கு 50 பவுண்டு, இன்னொரு 50 பவுண்டு மேடம் பிஜியோன் என்ற பிரெஞ்சுக்காரிக்கு. ஹென்றி வீட்டில் வெகுகாலம் வேலை பார்த்தவர் அவர், வங்கி மூழ்கியபோது அவர் சேமிப்பும் சேர்ந்து போயிருந்தது. அண்ணன் கடனில் ஒரு சிறு பகுதியைத் தங்கை அடைத்தார் என்று நான் நினைக்கிறேன்.

கறார் பேர்வழி:

சரி, இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பிஜியோனுக்குக் கொடுத்தது நியாயம். இழையின் வாதத்தை இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுசு:

அந்த உயிலுக்குச் சாட்சி யார்?

திண்ணை வக்கீல்:

சாட்சியே கிடையாது, தானே எழுதி வைத்துவிட்டார். ஜூலை 18இல் இறந்த பிறகு, இது அவர் கையெழுத்துதான் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் செப்டம்பரில் உயில் செல்லுபடியானது. அந்த இரண்டு பேர் சார்லஸின் மாமனாரும் கொழுந்தியாள் ஹேரியட்டும். மூன்று வருஷம் கழித்து சார்லஸ் கட்டிக்கொண்டாரே, அதே ஹேரியட்.